பொறந்த ஊட்டுக் கேள்வி

கோடிப் புடவை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் சின்னப்பொண்ணு ஆயா மேல் விழவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த ஆயாவின் தம்பி ஆதிகேசவன், அந்தப் புடவையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பந்தல் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐஸ் பெட்டிக்குள் ஆயா. வெளியே ஐப்பசி மழை இப்போ அப்போ என்று நின்றது. இந்த நேரத்தில் ஒருவர் வீம்பு பிடித்தால் ஆத்திரம் வருமா வராதா? எனக்கு வந்தது. ஆனால் பிறந்த வீட்டுக்காரர் பேசும்போது எதிர்க்கடைக்காரி லோகு, நான் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் காலனியில் வேதக்கார வீடானாலும் சரி, எங்களைப்போல் சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி, பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பெட்டியை மூட மாட்டார்கள். கோடி போடும் முன்னால் பிறந்த வீட்டுப் பெரியவர் ஒரு கேள்வி கேட்பார். "எங்க பொண்ண எப்டி வெச்சினு இருந்தீங்க?" மகன் கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்லாம வெச்சினு இருந்தோம்" என்பான். அதோடு முடிந்தது. கட்டினவளைத் தினம் போட்டு அடித்தவன் வீட்டிலும் இதே பதில்தான் வரும். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். யாரும் மேலே தோண்ட மாட்டார்கள்.

எபினேசர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் ஆயாவைக் கல்லறைக்குக் கொண்டுபோயிருப்போம். ஆயாவுக்கு ஒரே மகன். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. மாமா கேட்டதும், "ஒரு கொறையும் இல்லாம, எங்கூடவே வெச்சினு இருந்தன் மாமா" என்று சொல்லிவிட்டான். அந்த 'எங்கூடவே'யை இவனிடம் யார் கேட்டார்கள்? வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்றால் இதுதான்.

ஆதிகேசவன் தலையாட்டினார். காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது நெற்றி நாமம் சுருங்கியிருந்தது.

"எபினேசரு. உள்ள போயி பாத்தன். ஒரு தலகாணி கீது. உன் சட்ட ஒண்ணுகூட காணம். உன் பொண்டாட்டி சீப்பு ஒண்ணுகூட காணம். எங்கூடவேன்னியே, நீ எங்க நைனா படுத்துக்கினு இருந்த?"

எபினேசர் மனைவி பிரின்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தலகாணி, பதினஞ்சு தட்டு. இது இன்னா நியாயம்? கூடத்துல நீட்டு பெஞ்சு போட்டுகீது. அண்டா கீது. தோ, அந்த மூலையில நிக்கிறானுங்களே வடக்கத்திப் பசங்க, அவனுங்க செருப்பு வெக்கிறதுக்குத் தனியா பலகை அடிச்சிகீது. எனுக்குப் புரியாதுன்னு பாத்தியா? எங்கக்காவ மெஸ்ஸுக்காரி ஆக்கி நீ டப்பு பாத்துகினு இருந்திருக்க."

"ஐயோ மாமா, அப்டியெல்லாம் இல்ல."

"அப்ப எப்டி?"

எபினேசர் தலையைக் குனிந்துகொண்டான். பந்தலில் இருந்த பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவனே சொல்ல வேண்டிய விஷயம் அது.

மெஸ்ஸாம் மெஸ். ஆயா காதில் விழுந்திருந்தால் அந்த ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து வந்து தம்பியை ஒரு அறை விட்டிருப்பாள். ஆசீர்வாதம் பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில் அவளைப் பார்த்துக் கல்யாணம் பண்ணி இங்கே கூட்டி வந்தபோது, இந்தப் பக்கமெல்லாம் நெல்வயல். அவரோடு ஜோடியாக நாற்று நட்டாள். பிறகு வயலெல்லாம் கம்பெனி ஆனது. ஆசீர்வாதம் ஹைவேயைத் தாண்டும்போது லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். எபினேசர் அப்போது பால்வாடிக்குப் போகிற வயசு. ஆயா யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. கம்பெனி மதில் கட்டுகிற வேலைக்கு மண் சுமந்தாள். உடைந்த கல்லை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்து, தானே சாந்து குழைத்து இந்த வீட்டைக் கட்டினாள். ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு கம்பெனிக் கல். மிஷின் வருகிற மரப்பெட்டியைப் பிரித்துக் கதவும் பெஞ்சும் செய்தாள். ஆசாரியைக் கூப்பிடவில்லை.

அதைவிட அவள் பெயர் சொல்வது கட்டில்தான். கம்பெனிக்கு வருகிற பார்சலைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாய்ப் பிளாஸ்டிக் பட்டை கட்டி வருமே, அதை அறுத்துக் குப்பையில் போடுவார்கள். ஆயா அதைப் பொறுக்கிவந்து கட்டில் பின்னினாள். முதலில் சும்மா கட்டம் கட்டமாய். அப்புறம் அதில் நண்டு வந்தது. கூட்ஸ் வண்டி வந்தது. என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது ஒரு கட்டில் கொடுத்தாள், ஒரு எருமையும் அதன் மேல் ஒரு காக்காவும். "தாமரப்பூ போடக் கூடாதா ஆயா" என்றேன். "தாமரைய எல்லாரும் போடுவான். எரும மேல குந்தினுகீற காக்கா ராணி மாதிரி போவுது பாரு, அத்த எவன் போடுவான்" என்றாள். மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா காரில் வந்து, மயில் போட்ட கட்டில் ஐம்பது வேண்டும், நல்ல விலை தருகிறோம் என்றார்கள். "ஒரே மயில அம்பது தபா போட்டா மயிலுக்கே சலிச்சிடும்மா. அது மிஷின் வேல, மிஷினாண்ட போ" என்று சொல்லி, அந்த அம்மாவை உட்கார வைத்துச் சென்னாகுனிப் பொடி இறால் வறுத்து, களி கிண்டிப் போட்டு அனுப்பினாள். கார் ஓட்டி வந்தவருக்கும் போட்டாள். வியாபாரம் வேண்டாம் என்பாள், வந்தவர் பசியோடு போவதும் வேண்டாம் என்பாள். அவளை வைத்து மெஸ் நடத்த யாரால் முடியும்?

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற தானியேல் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தான். முழங்கால் வரை சேறு.

"இன்னாபா இன்னும் எடுக்கல? ஏரி ரொம்பிக்கினு வருது. குழியில தண்ணி ஊறிக்கினே கீது. ரெண்டு தபா எறச்சிட்டன். மழ புடிச்சிதுன்னா குழி சரிஞ்சிடும், அப்பால இன்னிக்கு ஒண்ணியும் ஆவாது."

போதகர் யேசுதாஸ் ஐயா எழுந்து ஆதிகேசவன் பக்கம் போனார். "ஐயா, துக்கத்துல எல்லார் மனசும் ஒடஞ்சி கெடக்குது. அடக்கம் முடிச்சிட்டு ஒக்காந்து பேசிக்கலாமே."

"சாமி, நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் குறுக்க வரமாட்டன். நான் கேக்கறது எங்கக்கா பையன. மண்ணுல போட்டு மூடினப்பறம் யாராண்ட பேசறது?"

"பெரியவரே, கரெக்ட்டுதான். ஆனா மழ..."

"மழைக்கு இன்னா தெரியும்? வருசா வருசம் கெங்கம்மா ஜாத்திரைக்கு வரும் எங்கக்கா. கை நெறைய கருவாடு கொண்டாரும். எப்டிக்கா கீறன்னு கேப்பன். ராணி மாதிரி கீறன்டா, என் புள்ள என்ன உள்ளங்கையில வெச்சிகீறான்னு சொல்லும். நானும் நம்பிக்கினு இருந்தன். இன்னிக்கு வந்து பாத்தா ஒத்த தலகாணி." அவர் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் திக்கென்றது. மகன் தனியாகப் போனதை ஆயா பிறந்த வீட்டில் சொல்லவே இல்லை. மகனை விட்டுக்கொடுக்காமல் வருஷா வருஷம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது அவனும் அதே பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டான்.

நடந்ததை நான் என் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தவள். கொரோனா காலத்தில் வடக்கத்தி ஆட்கள் புதுவாயல் கூட்ரோடு வழியாகக் குழந்தை குட்டியோடு நடந்துபோனபோது, ஆயா தினம் அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ் கரைத்து ரோட்டோரம் உட்கார்ந்தாள். அப்போது கூழ் குடித்துவிட்டு ஒடிசாவுக்கு நடந்தவன்தான் பந்தல் மூலையில் நின்ற இந்தப் பிகாஷ். எல்லாம் அடங்கியதும் திரும்பி வந்தான். இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை. வேலை முடிந்ததும் நேராக ஆயா வீட்டுக்கு வருவான். அவனைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர். விறகு பிளப்பார்கள், தண்ணீர் எடுத்து ஊற்றுவார்கள், கம்பெனியிலிருந்து பட்டை கொண்டுவந்து போடுவார்கள். ஆயா தட்டு வைப்பாள். அதுவரை எபினேசருக்கும் ஒன்றும் இல்லை. அவனும் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான்.

அப்புறம் எபினேசரும் வேலை பார்த்த அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் மாறியது. புதுக் காண்ட்ராக்டர் உள்ளூர் ஆட்களை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு வடக்கத்தி ஆட்களை எடுத்தான். பத்து வருஷம் ஃபர்னஸ் முன்னால் வெந்த எபினேசர் ஒரு காலையில் கேட்டிலேயே நின்றுவிட்டான். அவன் பார்த்த வேலைக்குப் பிகாஷைப் போட்டார்கள். அன்று சாயங்காலம் இவன் வீட்டுக்கு வருகிறான், பெஞ்சில் பிகாஷ் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த நேரத்தில் எவனுக்கும் வயிறு எரியும். நான் எபினேசரைக் குறை சொல்ல மாட்டேன்.

தெருவே கூடிவிட்டது. "என் வயித்துல அடிச்சவனுக்கு நீ சோறு போடறியா?" என்று கத்தினான்.

"உன் வேலைய புடுங்கினவன் பசியோட வரமாட்டான்டா. அவன் கார்ல வருவான். இவன் பசிச்சி வந்திகீறான்" என்றாள் ஆயா.

"அவனுங்களா, நானா? ஒண்ணு சொல்லு."

"இது இன்னாடா கேள்வி? என் ஊட்ல யாரு துன்னணும்னு நான்தான் சொல்லுவன். உங்கப்பன்கூட என்ன அப்டி கேட்டதில்ல. புடிச்சா குந்து, உனுக்கும் தட்டு வெக்கிறன். புடிக்கலன்னா வாசல் தொறந்துதான் கீது."

அவன் போய்விட்டான். ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துப் பொண்டாட்டியையும் மகள் ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு போனான். வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனாலும் மூன்று வருஷம், இந்த வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் அம்மா முன் வரிசை, மகன் கடைசி வரிசை. பார்த்துக்கொள்ளாமலே வெளியே வருவார்கள். ஆயாவுக்கும் வீம்பு குறைச்சலா? "லோகு, அவன் வருவான். நான் கூப்ட மாட்டன். அவன் கேட்டது தப்பு" என்பாள். அவனைக் கேட்டால், "வீடு சின்னதுக்கா, பத்தல" என்று ஊருக்கெல்லாம் ஒரே பதில். அம்மா வெளியே போ என்றாள் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. முந்தாநாள் ராத்திரி தூக்கத்திலேயே ஆயா போய்விட்டாள். காலையில் பிகாஷ் வந்து கதவைத் தட்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகனுக்கு நான்தான் போன் பண்ணினேன்.

இப்போது அந்த வீம்பெல்லாம் சேர்ந்து பந்தலில் வந்து நின்றது.

ஆதிகேசவன் எழுந்தார். புடவையை மறுபடி மஞ்சள் பைக்குள் வைத்தார். "ஏய் குணா, வண்டிய திருப்புடா" என்று டிரைவரிடம் சொன்னார். "கோடி இல்லாமயே கொண்டுபோங்க. எங்கக்காவுக்குப் பொறந்த ஊடு இல்லன்னு ஊரு சொல்லட்டும். பொய் சொல்ற ஊட்ல நான் கோடி போட மாட்டன்."

பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. கோடி விழாத பிணம் என்றால் எங்களில் அது ஏழு ஜென்மத்துக்கும் பேச்சு. அநாதை என்று அர்த்தம். ஊருக்கே சோறு போட்டவள் அநாதையாய்ப் போவதா? வழக்கமாவது ஒன்றாவது, நானே சொல்லிவிடலாம் என்று எழுந்துவிட்டேன்.

அதற்குள் ஜெனிபர் அப்பன் முன்னால் போய் நின்றாள். நர்சிங் படிக்கிற பெண், அதிர்ந்து பேச மாட்டாள். "அப்பா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"சும்மா இரும்மா."

"ஆயா கோடி இல்லாம போவணுமா? உன் மானத்துக்காவ?"

எபினேசர் மகளைப் பார்த்தான். வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அவன் நாலு எட்டு ஓடிப்போய் மாமா கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் தொரத்தல. என்னத்தான் தொரத்திடுச்சு."

ஆதிகேசவன் நின்றார். "யாரு?"

"எங்கம்மா. வெளிய போன்னுச்சு. நான் போய்ட்டன். மூணு வருசமாச்சு."

"பெத்த புள்ளைய எதுக்குடா வெளிய போன்னா?"

எபினேசர் மூலையைப் பார்த்தான். பிகாஷும் மற்றவர்களும் அங்கே கைகட்டி நின்றிருந்தார்கள். "அவனுங்களுக்காவ. அவன் என் வேலைக்கு வந்துட்டான் மாமா. எனுக்கு ஆத்திரம். அவனுக்குச் சோறு போடாதன்னன். என் ஊட்ல யாரு துன்னணும்னு நான்தான் சொல்லுவன்னுச்சு. அவ்ளோதான். மெஸ்ஸெல்லாம் இல்ல. ஒரு ரூபா யாராண்டையும் வாங்கல எங்கம்மா. நான்தான் வீம்பா இருந்துட்டன். இன்னிக்கி போவலாம், நாளிக்கி போவலாம்னு..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

அத்தனை பேர் முன்னால் ஒரு ஆண்பிள்ளை இப்படிச் சொல்லி அழுதால் பார்க்கிறவர்களுக்குப் பாவமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது. ஆனால் ஆதிகேசவன் முகம் இளகவில்லை. பிகாஷைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு. நீ டப்பு குடுத்து துன்னியா?"

பிகாஷுக்கு இத்தனை வருஷத்தில் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் அப்போது வரவில்லை. "அம்மா பைசா வாங்காது. நான் ஒரு தடவ குடுத்துச்சு. அம்மா கரண்டில அடிச்சுச்சு." கையைக் காட்டினான். "அண்ணா என்னாலதான் போச்சு, எனக்குத் தெரியாது. வீடு சின்னதுன்னு அம்மா சொல்லுச்சு. தெரிஞ்சா நான் வராது."

ஆயா அவனிடமும் சொல்லவில்லை. சோறு தின்கிறவன் கூச்சப்படுவான் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆதிகேசவன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. "எங்கக்காதான். சின்ன வயசுல ஊட்ல ஒரு சட்டி கூழு இருக்கும். குடுகுடுப்பக்காரன் வந்தா தூக்கிக் குடுத்துடும். எங்கம்மா வெளக்குமாத்தால அடிக்கும். அடி வாங்கிக்கினே, அவன் தூரத்துலருந்து வந்திகீறான்னு சொல்லும். மாறவே இல்லடா அது."

பையிலிருந்து புடவையை எடுத்தார். மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. "தாலி அறுத்தவளுக்குக் கலரா" என்று பின்னால் யாரோ முனகினார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஆயாவை மரப்பெட்டிக்கு மாற்றினோம். ஆதிகேசவன் புடவையைப் பிரித்துக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தி, குழந்தைக்குச் செருகுவதுபோல் ஓரத்தைச் செருகிவிட்டார். யேசுதாஸ் ஐயா ஜெபம் பண்ணினார். தானியேல் ஆணி அடித்தான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

எபினேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து பெட்டியில் கை வைத்தான். ஆதிகேசவன் அவன் கையை எடுத்துவிட்டார்.

"கோடி எங்கக்காவுக்குப் போட்டன். உனுக்கு நியாயம் இன்னும் சொல்லல."

பந்தலில் எல்லோரும் கேட்க அவரே தொடர்ந்தார்.

"உன் வேல போனது நெசம். வயிறு எரிஞ்சதும் நெசம். அத்த நான் தப்புன்னு சொல்ல மாட்டன். ஆனா பெத்தவ உசுரோட இருக்கசொல்ல, தோ கூப்புடற தூரத்துல இருந்துகினு, மூணு வருசம் அவ கையால ஒரு வாய் துன்னாம இருந்திகீற. இது பொறந்த ஊட்டு வார்த்த. எங்கக்கா கையால துன்னவன் தூக்கட்டும். துன்னாதவன் பின்னாடி நடந்து வரட்டும்."

எபினேசர் கையை இழுத்துக்கொண்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே பிள்ளை. அப்பன் முகம் நினைவில்லாத பிள்ளைக்கு அம்மாதான் எல்லாம். அவன் தோள் படாமல் அவள் போனால், இவன் சாகிறவரை தூங்க மாட்டான். யேசுதாஸ் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆதிகேசவன் கையை உயர்த்தினார்.

பிகாஷ் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணா இல்லாம எப்டி தூக்கும்? தப்பு."

"நீ துன்னியா இல்லியா? தூக்கு."

பிகாஷும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் மூன்று மூலைக்கு நின்றார்கள். நாலாவது மூலைக்கு ஆதிகேசவன் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயசு, மூச்சு வாங்கியது. மழை பொட்டுப் பொட்டென்று பந்தல் தகரத்தில் விழ ஆரம்பித்தது. "குழி தாங்காதுபா" என்று தானியேல் அழாத குறையாகச் சொன்னான். பெண்கள் பக்கத்திலிருந்து பிரின்சி எழுந்து வந்தாள்.

பிரின்சி பெரியவர்கள் முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை. கையுறை தைக்கிற கம்பெனிக்குப் போவாள், வருவாள், கோயிலில்கூட உதட்டை அசைத்துத்தான் பாடுவாள். பெட்டிக்கும் ஆதிகேசவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, இவரும் துன்னிகீறாரு."

"யாரு?"

"இவருதான். எங்க ஊட்டுக்காரரு. எங்க கம்பெனி வேன் ஏரிக்கர பக்கம்தான் எறக்கி வுடும். எங்க அத்த இந்த ஊட்டு பின்னாடி வேலியாண்ட நின்னுகினு இருக்கும். கொழம்பு குடுக்கும். முக்காவாசி நாளு எங்க ஊட்ல கொழம்பே கொதிக்கல மாமா. சோறு மட்டும் வடிப்பன். நான் வெச்சதுன்னு இவருக்குப் போட்டன். மூணு வருசமா இவரு துன்னது அத்த கைச் சோறுதான். இவருக்குத் தெரியாது. அத்த சொல்லக் கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. தெரிஞ்சா துன்ன மாட்டான், வயித்த காயப்போட்டுக்குவான்னு சொல்லுச்சு. என்ன மன்னிச்சிக்கோங்க."

கடையில் உட்கார்ந்து இந்தத் தெருவில் ஒரு பூனை போனாலும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

"தெரியும்" என்றான் எபினேசர்.

பிரின்சி திரும்பினாள்.

"மொத நாளே தெரியும். சென்னாகுனில மாங்கா போட்டு எறக்கி வெச்சிருந்த. உனுக்கு அது வராது பிரின்சி. எங்கம்மா கை கொழம்பு எனுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒரு நாளுகூட கேக்கல?"

"கேட்டா நின்னுடும்."

அவ்வளவுதான் சொன்னான். கையால் முகத்தை மூடிக்கொண்டான். பிரின்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்தலில் சுற்றி நின்றவர்களில் அழாதவர்கள் யாரும் இல்லை. ஆதிகேசவன் பெட்டி மூலையை விட்டு விலகினார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"வா நைனா. வந்து தூக்கு" என்றார்.

எபினேசர் முன்பக்கத்து இடது மூலைக்கு வந்தான். வலது மூலையில் பிகாஷ். பெட்டி எழும்பியது. எபினேசர் உயரம், பிகாஷ் குட்டை. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து ஆயா பிகாஷ் பக்கமே இறங்கினாள். எபினேசர் முழங்காலை மடக்கித் தன் தோளைத் தாழ்த்தினான். பெட்டி மட்டமானது. யேசுதாஸ் ஐயா முன்னால் நடந்தார். மழை வலுத்துவிட்டது, கண் தெரியவில்லை. தெருமுனையில் லாரிச் சக்கரம் போட்ட பள்ளம் ஒன்று, தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. எபினேசர் பிகாஷ் பக்கம் திரும்பினான். மூன்று வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பிகாஷு, பள்ளம்டா. பாத்து வா."

"சரிண்ணா" என்றான் அவன்.